உங்கள் பச்சைப் பாய்த் துண்டு

என் அருமை மாப்பிள்ளை,

உங்கள் உடலை ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வீட்டைக் காலி செய்ய என் தங்கச்சியும் நானும் அபுதாபிப் பக்கம் ருவைஸுக்குத் திரும்பி வந்திருக்கிறோம். செல்வி உங்கள் விசாவில் இருப்பவள். அது கேன்சல் ஆவதற்குள் கிளம்பியாக வேண்டும்.

நான் இன்னும் அழவில்லை. நான் இருக்கும் ஷார்ஜா ரோலா கடைத்தெருவில் யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய்க் கதறுகிறவன் நான். உங்களுக்கு மட்டும் வரவில்லை. பல் பிடுங்கப் போடும் ஊசி உடம்பெல்லாம் பரவிவிட்ட மாதிரி இருக்கிறது.

கதவுக்குப் பின்னால் உங்கள் கோல்ஃப் மட்டைகள். அவற்றோடு அந்தப் பச்சை பிளாஸ்டிக் புல் பாய்த் துண்டு. செல்வி அதைக் காலால் தள்ளினாள்.

"வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் லீவு. அதையும் மணல்ல கொண்டுபோய்க் கொட்டிட்டாரு. என்னை விட்டுட்டுப் போற அளவுக்கு அங்க அப்படி என்னண்ணே இருந்துச்சு? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. ஊருக்குப் போறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் எனக்குத் தெரியாத விளையாட்டு இந்த அமீரகத்தில் கிடையாது. துபாயில் ஒரு ஷேக்குக்கே மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன். சிரிக்காதீர்கள். பாலைவன மணலிலேயே கோல்ஃப் ஆடும் உங்கள் மைதானத்துக்குப் போனேன்.

யார் வேண்டுமானாலும் ஆடலாம். கேட் இல்லை, வாட்ச்மேன் இல்லை, ஒரு புல்கூட இல்லை. பிளான்ட்டில் உங்களோடு ஷிப்ட் பார்த்த முருகேசன் துணைக்கு வந்தார். மணலில் பாயை விரித்து, பந்தை அதன்மேல் வைத்து அடித்தேன். சவூதி எல்லையைத் தொட்டிருக்கும். முருகேசன் பந்தைப் பக்கத்து முள்செடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார்.

குழி இருக்கும் இடத்திலும் பாயை விரித்தேன்.

"அய்யய்யோ, எடுங்கண்ணே! இது பிரவுன். எண்ணெய் ஊத்தி உருட்டி வச்ச மண்ணு. இங்க பாய் போடக் கூடாது, சும்மா பந்தத் தட்டிவிடணும்."

"எங்க ஷேக்கு போடுவாரு."

"அந்த ஷேக்க ஒருநாள் இங்க அனுப்புங்க, கேப்போம்."

பந்து குழியில் விழுந்ததும் நீளக் கம்பு வைத்த துடைப்பத்தைக் கையில் கொடுத்தார். பின்னால் ஆட வருகிறவர்களுக்காக நம் கால்தடத்தை நாமே கூட்டிவிட்டுப் போக வேண்டுமாம்.

"மாப்பிள்ள எப்படி ஆடுவாரு?" என்று கேட்டேன்.

"ரொம்ப மோசம்ணே. ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல. நாங்க பேசிக்கிட்டே போயிருவோம். அவரு மட்டும் நின்னு, எல்லார் தடத்தையும் கூட்டி, இஸ்திரி போட்ட மாதிரி ஆக்கிட்டு வருவாரு."

மாப்பிள்ளை, வீட்டில் நீங்கள் துடைப்பத்தைத் தொட்டதாகச் செல்வி சொல்லி நான் கேட்டதே இல்லையே!

அடுத்த குழியில் நான் கூட்டினேன். அதற்கடுத்ததிலும். தூரத்தில் ரிஃபைனரி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் எதையும் அளந்துவிடவில்லை. அழுகை அப்போதும் வரவில்லை, ஆனால் கை அது பாட்டுக்கு வேலை செய்தது. இதற்காகத்தான் வந்தீர்களா? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

வீட்டுக்குத் திரும்பியபோது செல்வி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன இருந்துச்சு?"

பெரிய கதை ஒன்று வாய்வரைக்கும் வந்தது. "சொல்லத் தெரியல செல்வி" என்றேன்.

என் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை அவள் கேட்டதே இல்லை. டேப்பைக் கீழே வைத்தாள். "அப்ப நானே வந்து பாக்குறேன்."

அதனால் பாயைப் பெட்டியில் கட்டவில்லை. வரும் வெள்ளிக்கிழமை அழைத்துப்போகிறேன். அங்கே போனது தகுமா தகாதா என்று அவளே தீர்ப்புச் சொல்லட்டும். பாயை நான் சுமக்கிறேன். அவள் பந்து எங்கே விழுந்தாலும் விழுந்த இடத்தைத்தான் சொல்வேன். கடைசிக் குழியில் துடைப்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய் நிற்பேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் மச்சான்,
செல்வியின் அண்ணன்