வாடகை மாடியில் நைனாவுக்குப் படையல்

பழவேற்காட்டு ஏரியையும் என்னையும் ஒரே குரலில் அதட்டிவந்த என் அருமை நைனாவுக்கு,

சிங்கப்பூரில் மகள் மாடி வீட்டில் இருக்கிறாள் என்று படகுத்துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாயாமே. தம்பி எழுதியிருந்தான். அந்த மாடியின் லட்சணத்தை நீ உயிரோடிருந்தபோது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனி உனக்கென்ன, சொல்கிறேன், கேள்.

ஒரே அறை. அதையும் பலகை அடித்து இரண்டாக்கி, பின்பாதியைத்தான் எங்களுக்கு விட்டிருக்கிறார்கள். முன்பாதியில் குடியிருக்கும் தையல்காரர் தும்மினால் எங்கள் பக்கம் சட்டி ஆடுகிறது. நாம் வலை போட்டுவைக்கும் கொட்டகை இதைவிடப் பெரிது. அதில் காற்றாவது வரும். உன் மருமகன் துறைமுகத்தில் பாரம் தூக்கும் எந்திரம் ஓட்டுகிறார் அல்லவா, அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரைக்கும்தான் இந்த வாசம். சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா என்று கேட்டால், "டெம்பரவரி ஊடு தானேம்மே, பொறுத்துக்க" என்பார். வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. துணிமூட்டையைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. டெம்பரவரி என்று சொல்லிச் சொல்லியே ஒரு பொம்பளையைக் கிழவியாக்கிவிடலாம் போலிருக்கிறது.

கீழே வீட்டுக்காரம்மா இருக்கிறாள், ராஜலட்சுமி என்று பெயர். புருஷன் ஏதோ கம்பெனியில் குமாஸ்தா. அதற்கே இந்த ஆட்டம். பிறந்தது மயிலாப்பூர் என்பாள். வீடு என்ற சொல்லே அவள் வாயில் வராது, இல்லம்தான். "எங்கள் இல்லத்தில் கவிச்சி சமைக்கக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. நாங்கள் சுத்த சைவம்" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் சொல்வாள். ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிடப் போனேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "உங்கள் பாஷை எனக்கு விளங்கவில்லை" என்றாள். நான் என்ன சீன பாஷையா பேசினேன்? அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவள் குடையை விரித்துக்கொண்டேதான் தூங்குவாள்.

நீ போன செய்தி தந்தியில் வந்தது. அதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. நான் வாய்விட்டுக் கதறினேன். பலகைக்கு அந்தப் பக்கம் தையல்காரர் மிஷினை நிறுத்தினார். மனுஷன். இவளோ படியேறி வந்து, "துக்கத்தை மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விருந்தாளிகள் இருக்கிறார்கள்" என்றாள். பெற்றவனுக்கு அழுவதற்குக்கூட வாடகையோடு சேர்த்து அனுமதி வாங்க வேண்டுமா, நைனா? அன்றைக்கே முடிவு செய்தேன். கப்பலேறி வந்து உன் முகத்தைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. உனக்குப் பிடித்த மீனை வைத்து ஒரு படையலாவது இதே மாடியில் போட்டே தீருவேன். துரத்தினால் துரத்தட்டும், தெருவில் நிற்கிறோம்.

ஊரில் தம்பி உன் கருமாதியை முடித்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டில் உனக்குப் பிடித்த மடவை மீன் வாங்கினேன். தையல்காரர் ஒரு புட்டி கள் வாங்கிவந்து கொடுத்தார். மெட்ராஸில் மதுவிலக்கு வந்த நாளிலிருந்து போலீசுக்குப் பயந்து பயந்து குடித்தாயே, இங்கே சர்க்காரே கடை வைத்து விற்கிறது. செத்த பிறகுதான் உனக்குச் சட்டப்படி ஒரு வாய் கள் வாய்த்தது. என்ன ராஜ்யமோ, என்ன சட்டமோ!

மீனை எண்ணெயில் போட்டேன். அந்த ஓட்டை மண்ணெண்ணெய் அடுப்பு குப்பென்று பிடித்துக்கொண்டது. பலகையை நெருப்பு நக்கியது. செம்புத் தண்ணீரை நான் கையில் எடுக்கவும், கவிச்சி வாசனையைப் பிடித்துச் சண்டைக்கு ஏறிவந்த ராஜலட்சுமி வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

"அய்யய்யோ, ஊடு பத்திக்கினு எரியுதே! இன்னாடி பண்ணிக்கினு கீற? தண்ணி ஊத்தாதடி, ஈரச் சாக்கப் போடு!"

கால்மிதிச் சாக்கைச் செம்புத் தண்ணீரில் நனைத்துப் போட்டேன். நெருப்பு அணைந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கவில்லை, ஏன் அடக்க வேண்டும்?

"மயிலாப்பூர்ல ஊடுன்னா சொல்றாங்க? நெசமா எந்த ஊரும்மே நீ?" என்று கேட்டேன்.

"ஊத்துக்கோட்டை" என்றாள், குரலே எழும்பாமல். "எங்க அம்மா சந்தைல கருவாடு வித்துக்கினு இருந்துச்சு. உங்க பழவேற்காட்டுக் கருவாடுதான். அவருக்கு இதெல்லாம் தெரியாது. சொல்லிடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்."

அடுப்பைத் துடைத்து மறுபடியும் ஏற்றினேன். மிச்ச மீனைப் பொரித்து, இலை போட்டு, சோறு வைத்து, கள்ளை ஊற்றி வைத்தேன். ஜன்னல் விளிம்பில் ஒரு பிடியை வைத்து, "நைனா, நைனா" என்று கூப்பிட்டேன். காக்காய் வரவில்லை. ஒரு மைனா வந்து உட்கார்ந்து, அதிகாரமாக மீனைக் கொத்தியது. சீமைக்கு வந்தால் நீகூட இப்படி வேஷம் மாற்ற வேண்டுமா என்று கோபம் வந்தது. ஆனால் முள்ளை ஒதுக்கிவிட்டுத் தின்ற தினுசைப் பார்த்தால் நீதான்.

ராஜலட்சுமி இறங்கிப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எங்க அம்மா செத்து மூணு வருசம் ஆவுது. நான் ஒரு இலைகூடப் போடல. அதையும் கூப்புடேன். முனியம்மான்னு பேரு" என்றாள்.

"உன் அம்மாவுக்கு நானா மவ? உன் வாயால நீ கூப்புடு" என்று சொல்லி, ஒரு துண்டு மடவையை அவள் கையில் வைத்தேன்.

ஜன்னலருகே போனாள். உதடு பிரிந்தது. அந்த நேரம் பார்த்து, கடைக்குப் போயிருந்த புருஷன் வந்து கீழே இருந்து குரல் கொடுத்தான். மீனை என் இலையிலேயே போட்டாள். கையை முகர்ந்து பார்த்துவிட்டு, அழுத்தி அழுத்திக் கழுவினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள்.

"ஒன்றுமில்லைங்க. மேலே அடுப்புப் புகை. இந்த ஜனங்களை இல்லத்தில் வைத்தால் இப்படித்தான்" என்று அவள் கீழே சொன்னது தரைப் பலகை இடுக்கு வழியாகத் தெளிவாகக் கேட்டது.

த்தூ! எனக்கு அவள்மீது இரக்கம் வரவில்லை, நைனா. வர வேண்டுமா, சொல்லு? மூன்று வருஷமாக அந்த முனியம்மா எந்த ஜன்னலில் உட்கார்ந்து மகள் கூப்பிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளோ. இரக்கப்படுவதென்றால் அந்தக் கிழவிக்காகத்தான்.

அடுத்த மாதமே காலி செய்யச் சொல்லிவிட்டாள். குவார்ட்டர்ஸ் இன்னும் வரவில்லை. இன்னொரு டெம்பரவரி வீட்டைத் தேடுகிறோம். ஆனால் உன் மேல் ஆணை: எத்தனை வீடு மாறினாலும், எந்தச் சீமையில் கிடந்தாலும், உன்னை நைனா என்றே கூப்பிடுவேன். கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பிடுவேன்.

உன் வாயைக் கொண்டு பிறந்த மூத்த மகள்,
கோவிந்தம்மா