பக்கத்து அறைக் கூட்டம்

நல்லூர்,
செவ்வாய், காலை

அன்புள்ள தேவமலருக்கு,

உமது முழங்கால் நோ குறைந்ததா? எங்கள் மகளின் இருமல் மாறிவிட்டதா? நான் நல்ல சுகம். "குடிச்சுப்போட்டு எனக்குப் போன் எடுக்காதேங்கோ" என்று நீர் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

சிரிக்காமல் வாசியும். குடியை விட நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு டியூசன் சென்டரில் ஞாயிறு பின்னேரம் கூட்டம் நடக்கிறது என்று அறிந்து போனேன். முதல் அறையில் இருபது பேர் வாங்குப் பலகைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பயம் வருமுன் சொல்லிவிட வேண்டுமென்று வாசலிலேயே நின்று, "என்ரை பேர் கிருபானந்தன். குடிகாரன்தான். பதினொரு நாளாத் தொடேல்லை" என்றேன்.

இருபது தலைகளும் என் பக்கம் திரும்பின. அது பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம்! கணக்கு ரீச்சர்தான் மெதுவாக, "அண்ணை, உங்கடை கூட்டம் பக்கத்து அறையிலை" என்றா.

வெட்கத்தில் வெளியே பாய்ந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தகப்பன் எழும்பி வந்துவிட்டார்.

"நில்லும் தம்பி, நானும் வாறன். மூண்டு கிழமையா அந்தக் கதவடியிலை வந்து வந்து திரும்பிப் போறன்."

பக்கத்து அறையில் இருவரும் ஒரே வாங்கில் இருந்தோம், மலர்! அவர் அழுதார். நானும்தான்.

திருகோணமலை பஸ்ஸில் யாராவது வந்தால் உமது மிளகாய்த்தூள் கொஞ்சமும் மகளின் படமொன்றும் கொடுத்துவிடும். மேசன் வேலை முடிந்து கை சும்மா இருக்கும்போதுதான் குடி நினைப்பு வருகிறது; அப்போது சமைக்கலாம், படத்தைப் பார்க்கலாம்.

வேலைக்கு ஏற்றிப்போக லொறி வந்துவிட்டது, ஹோர்ன் அடிக்கிறார்கள். இன்றோடு பதின்மூன்று நாள். ஞாயிறு கூட்டம் முடிய, ஆறு மணிக்கு ஒரேயொரு முறை போன் எடுப்பேன். என் குரலைக் கேட்டுவிட்டு நீரே சொல்லும்.

கிருபா