அக்கா முகத்தில் இரண்டு கோடுகள்

7 ஜூலை 2003
கம்ப்யூட்டர் கிளாஸில், கோரல் டிரா என்ற படம் வரையும் சாஃப்ட்வேரில் முதல் புராஜெக்ட்: வீட்டில் ஒருவர் முகம். ஃபோட்டோவை அடியில் வைத்து, நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனி வடிவங்களாக வரைய வேண்டும். நாகஜோதி அக்காவைப் பொங்கலுக்கு எடுத்த படம். அவள் வாயோரம் தோலில் வெள்ளை படர்ந்திருக்கிறது. எல்லை தெளிவாகத் தெரியும். அதனால்தான் அவளை எடுத்தேன். எழுதும்போது கேவலமாக இருக்கிறது.

10 ஜூலை
கோட்டை வளைக்கும் நோடுகளை எறும்பு மாதிரி வரிசையாக வைத்திருந்தேன். "கோடு நடுங்குது தம்பி. திரும்புற எடத்துல மட்டும் வையி" என்றார் சார். அழித்தேன். கோடு அடங்கியது. "ஹைலைட்ட நல்லாப் பிடிச்சிருக்க."
அது வெளிச்சம் விழுந்த ஹைலைட் இல்லை, அக்கா தோலின் வெள்ளை. சொல்லவில்லை.

2 ஆகஸ்ட்
அக்காவைப் பார்த்துவிட்டுப் போன கொட்டாம்பட்டி வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் சங்கிலி. அம்மா அவர்களிடம் சொன்னது: "வெறும் தேமலு. ரெண்டு வருசமா அம்புட்டுத்தான் இருக்கு. பரவல." அந்தக் கடைசி வார்த்தையில் கல்யாணம் நிற்கிறது. ஆவணியில் நிச்சயம்.

19 ஆகஸ்ட்
இரண்டாவது புராஜெக்ட். அதே முகம், புது ஃபோட்டோ. சோம்பல் — பழைய கோடுகளையே அதன்மேல் இழுத்துப் போட்டேன். கண் பொருந்தியது. மூக்கு, உதடு பொருந்தின. வெள்ளை மட்டும் என் கோட்டைத் தாண்டிக் கன்னத்துக்குள் போயிருக்கிறது.
வெளிச்சமா? கோணமா?

20 ஆகஸ்ட்
ஜன்னலோரம் நிற்கவைத்து மறுபடி எடுத்தேன். தாண்டித்தான் இருக்கிறது.
அம்மாவிடம் சொன்னேன். "நீ படிச்சுக் கிழிச்சது இதுதானா? கல்யாணம் முடியுற மட்டும் வாயத் தொறக்காத."
அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை.

22 ஆகஸ்ட்
யாருக்காகச் சொல்ல வேண்டும்? அக்காவுக்கா, அந்த மனிதருக்கா — என் கோடு சரி என்று காட்டவா?

24 ஆகஸ்ட்
முகப் படத்தில் வெள்ளையின் பழைய எல்லை, புது எல்லை என்று இரண்டு கோடுகளையும் வரைந்து, ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.
"மூக்க ஏன்டா இம்புட்டுப் பெருசா போட்ட?"
"அக்கா..."
"தெனம் கண்ணாடி பாக்குறவடா நான். சந்தேகம் இருந்துச்சு. இப்ப இல்ல."
சாயங்காலம், வெள்ளை பரவுவதைச் சொல்ல எஸ்.டி.டி. பூத்திலிருந்து சங்கிலிக்கு ஃபோன் செய்தாள். நான் வெளியே நின்றேன்.
"என்னக்கா சொன்னாரு?"
"வீட்ல கேட்டுட்டுச் சொல்றாராம்."

31 ஆகஸ்ட்
சங்கிலியிடமிருந்து பதில் இல்லை. அம்மா சோறு வைக்கிறாள், பேசுவதில்லை.

2 செப்டம்பர்
புது எல்லையோடு இரண்டாவது படத்தை முடித்து ஒப்படைத்தேன். ஹைலைட் அதிகம் என்றார் சார். "அக்கா முகமே அப்படித்தான் சார்."
சொல்வது இவ்வளவு சுலபமா? எனக்குச் சுலபம்.

8 செப்டம்பர்
நேற்று நிச்சயம் நடந்திருக்க வேண்டும்.
காலையில் அக்கா, அதற்காக எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். எல்.கே.ஜி. டீச்சர். முகத்தில் பவுடர்கூட இல்லை. அம்மா வாசலில் மறித்தாள்.
"அது எதுக்கு எடுத்த சேலடி?"
"கட்டத்தாம்மா எடுத்தது. பஸ்ஸு போயிரும், நகரு."
அம்மா நகர்ந்தாள்.