கட்டிலுக்கு அடியில் இடம்

பொழிச்சலூர்
14.7.1991

அன்பு மகன் அமீருதீனுக்கு அம்மா ஜெய்னப் சொல்லும் சலாம். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால்தான் அந்தச் சுகம் எங்களுக்கு முழுசாகும். நான் சொல்ல உன் தங்கச்சி அஜீசா எழுதுகிறாள், நடுவில் தன் சரக்கையும் சேர்ப்பாள், பொறுத்துக்கொள்.

பம்பாய்க் கப்பல் பட்டறையில் கிரேனிலிருந்து இரும்புத் தகடு உன் பக்கத்தில் விழுந்ததைப் படித்து உன் அத்தா கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். அன்றிலிருந்து கிரேன் நகரும்போது அடிக்கிற மணியைக் கேட்டாலே உனக்கு நெஞ்சு படபடக்கிறது, கை வியர்த்து வெல்டிங் கோணுகிறது, டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார், கூட இருப்பவர்கள் மணி அடிச்சா அமீருக்கு ஜுரம் என்று கேலி பேசுகிறார்கள், எனக்குப் புத்தி கெட்டுவிட்டது, வேலையை விட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பள்ளிவாசலில் ஓதிய கயிறு வாங்கி இந்தக் கடிதத்தோடு வைத்தேன். இது மூளை செய்கிற வேலை, கயிறு எதற்கு என்றாள் இவள். மூளைக்கும் சேர்த்துத்தான் ஓதியிருக்கிறது, நீ எழுதுடி என்றேன்.

அண்ணா, இது அஜீசா. பள்ளி நூலகத்தில் படித்தேன். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. என்ன சத்தம் என்று நாம் யோசிக்கும் முன்பே அது உடம்பை உசுப்பிவிடுகிறது, ஓடித் தப்பிப்பதற்காக இதயம் வேகமாக அடிக்கிறது. மணி அடித்தபோது தகடு விழுந்ததால் மணியையே ஆபத்து என்று பிடித்துக்கொண்டது. இது கோழைத்தனம் இல்லை, பைத்தியமும் இல்லை. மணி அடித்தும் ஒன்றும் விழவில்லை என்று பலமுறை பார்த்தால்தான் மெல்ல அடங்கும்.

மறுபடி அம்மா. இவள் சொன்னதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. விமான நிலையத்தை ஒட்டிய இந்த வீட்டுக்கு வந்த புதிதில், நீ சின்னப் பிள்ளை, விமானம் கூரையை உரசுகிற மாதிரி போகும்போது நீ சோற்றுக் கையோடு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாய். நான் உன்னை இழுக்கவில்லை, தட்டோடு நானும் உள்ளே வந்து ஊட்டினேன். பிறகு தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன், பிறகு வாசலில். கடைசியில் நீயே விமானத்துக்கு டாட்டா காட்டினாய். நம் தெருவில் இன்றும் விமானம் வந்தால் யாரும் கத்திப் பேசுவதில்லை, அப்படியே நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம், இப்போதுகூட ஒன்று போகிற வரைக்கும் அஜீசா பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நீயும் மணி அடித்தால் கைவேலையை இறக்கி வை, மூச்சை மெதுவாக விடு, ஓய்ந்ததும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்.

அல்லாஹ் உனக்குத் துணை இருப்பான். கயிற்றை மறக்காமல் கட்டு. எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் வந்துவிடு, அந்தக் கட்டில் இங்கேதான் இருக்கிறது, அடியில் நம் இரண்டு பேருக்கும் இடமும் இருக்கிறது.

உன் வரவையோ கடிதத்தையோ எதிர்பார்க்கும்
அம்மா ஜெய்னப்
(கையெழுத்து அஜீசா, பத்தாம் வகுப்பு)