காலருக்கடியில் பூத்துணி

அக்டோபர் 12

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நேற்று அவள் தானாக எழுந்து நின்றாள். நின்றது நினைவுக்கு வந்ததும் பயந்து உட்கார்ந்துவிட்டாள். என் மகள்தானே.

நான் வேலை பார்க்கும் பட்டாள உடைக் கிடங்கின் சன்னலில் என் கையாலேயே உங்களுக்குக் கம்பளிக் கோட்டை நீட்டியது கண்ணிலேயே நிற்கிறது. பருத்தி கொடுத்தால் பட்டாளம் போவது கடற்கரைக்கு, கம்பளி கொடுத்தால் பனிமலைக்கு. கடிதத்தில் ஊர்ப்பெயரை மை பூசி அழிக்கலாம், துணி மடிக்கிற எங்களிடம் மறைக்க முடியுமா? கோட்டு உங்களை விழுங்கிவிட்டது என்று வரிசையே சிரித்தது. தெரிந்துதான் பெரிய அளவைக் கொடுத்தேன், உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டாமா? இப்படி எதற்கும் வாதாடுகிறேன் என்றுதானே எனக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தீர்கள். காலரைத் திருப்பிப் பாருங்கள். பாப்பாவின் பழைய பூப்போட்ட கவுனில் ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறேன்.

உங்கள் வக்கீலம்மா

நவம்பர் 20

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இன்று திரும்பி வந்த மூட்டைகளைப் பிரித்தோம். உயிரோடிருப்பவர்கள் கோட்டுக்குப் பொத்தான் போட்டு, மடித்து, தாங்களே ஒப்படைப்பார்கள். இல்லாதவர்களுடையதுதான் சுருட்டிக் கயிறு கட்டி வரும். சுருட்டி வந்த ஒன்றின் காலரில் பாப்பாவின் பூ இருந்தது.

கறை இல்லை, ஓட்டை இல்லை. விளக்கருகே பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அழுதுகொண்டே துவைக்கலாம், சோப்பு கோபித்துக்கொள்ளாது என்பதுதான் மேற்பார்வை அக்கா எல்லோருக்கும் சொல்கிற ஆறுதல். எனக்கு அதைச் சொல்லவில்லை. "ஓட்டை இல்லாத கோட்டுக்கு அழாதடி" என்றாள்.

ஒரு வரி போதும். திட்டியாவது எழுதுங்கள்.

வக்கீலம்மா

டிசம்பர் 1

என் வக்கீலம்மா,

இருக்கிறேன். முழுசாக இருக்கிறேன்.

மலையடிவாரத்தில் உத்தரவு மாறிவிட்டது. கம்பளியைக் கொடுத்துவிட்டுப் பருத்தி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கொட்டுகிற மழையில் யார் மடிப்பது? கம்பெனிச் சிப்பாய்கள் மொத்தப் பேரும் சுருட்டிக் கட்டி வண்டியில் எறிந்தோம். உங்கள் கிடங்கில் அதற்கு இப்படியோர் அர்த்தம் இருப்பது எனக்கு எங்கே தெரியும்? பூவைப் பிரித்து எடுக்கப் பார்த்தேன். கோட்டைக் கிழிக்கிறேன் என்று நினைத்து சார்ஜென்ட் பிடுங்கிக்கொண்டார். போட்ட கடிதங்கள் எந்தப் பையில் கிடக்கின்றனவோ.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதைப் பற்றியும் குறைப்பட்டதில்லை.

உன் குள்ளன்

டிசம்பர் 9

என் குள்ளருக்கு,

படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பாப்பா மிரண்டு அழுதாள். அக்காவிடம் காட்டினேன். "லீவுல வரட்டும், நிக்க வெச்சு மடிக்கக் கத்துக்குடு" என்றாள்.

அந்தக் கோட்டைத் துவைத்து, அலமாரியின் அடித்தட்டில் ஒளித்து வைத்திருந்தேன். நேற்று மலைக்குப் போகிற அடுத்த கம்பெனி வந்தது. கடைசி ஆளுக்குக் கோட்டு இல்லை. அடித்தட்டுக்குக் குனிந்து காலரைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு எடுத்துக் கொடுத்தேன். நெடியவர், அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. பூவைப் பிரிக்கவில்லை.

"நீங்களே மடிச்சுக் கொண்டு வந்து குடுக்கணும்" என்றேன்.

எதற்கு என்று தெரியாமலே தலையாட்டினார்.

உங்கள் வக்கீலம்மா