தந்தி வந்தால்

பதுளை,
ரக்தாட்சி வருடம், புரட்டாசி கடைசி வெள்ளி.

கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் வருடம் நர்ஸ் வேலை படிக்கும் என் பேத்தி பாக்கியலெட்சுமிக்கு, உன் அப்பாயி தூரத்திலிருந்தே உன் தலையைத் தடவி எழுதுவது.

முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணன் வடிவேல் இங்கிலீஷ் பரீட்சை தேறி, கண்டிக் கச்சேரியில் கிளார்க்காகச் சேர்ந்துவிட்டான். தனி மேசையாம், தலைக்கு மேல் பங்காவாம். உன் சித்தப்பா மகன் ஜெயராசா பண்டாரவளையில் சொந்தக் கடை வைத்து, வாசல் பலகையில் தன் பெயரைப் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறான். அவன் தங்கை புஷ்பத்துக்குத் தூத்துக்குடியில் இரண்டாவதும் ஆண் பிள்ளை. மாமியார்க்காரி இப்போது வாயே திறப்பதில்லையாம். நீயோ சிஸ்டரம்மா இல்லாத நேரம் ஒரு வார்டையே பொறுப்பாகப் பார்க்கிறாய். இதையெல்லாம் தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வேன். முன்பு நின்று கேட்டார்கள். இப்போது என்னைக் கண்டதும் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

ரயில் பதுளைக்கே வந்துவிட்டால் பிள்ளைகள் அடிக்கடி வந்து போவார்கள் என்று நினைத்திருந்தேன். புது ஸ்டேஷனில் நான் முதன்முதல் போய் நின்றது வடிவேலை வழியனுப்பத்தான். பகலில் சித்தப்பா கடையில், சித்தி கோயிலில். மாடிக்கு நான் இப்போது ஏறுவதில்லை. கீழே மிளகாய் மூட்டை அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். பேச்சுத் துணைக்கு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த வேலைக்காரி கருப்பம்மாதான். அவள் வாய் உனக்குத் தெரியும். நேற்று என் தலையணையை உருவிக்கொண்டு, "ஒக்காந்துக்கிட்டே தூங்குறவங்களுக்குத் தலாணி எதுக்குங்க பெரியம்மா, எனக்காவது ஆவட்டும்" என்கிறாள். சிரித்து இருமல் வந்துவிட்டது.

நீ எழுதிய காய்ச்சல் வார்டு விஷயத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்குக் குடல் காய்ச்சல். கஞ்சித் தண்ணீரும் பாலும் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்க, புருஷன்காரன் கம்பளிக்குள் ரொட்டியை மறைத்துக் கொண்டுவந்தான் என்று எழுதியிருந்தாயே. கருப்பம்மா அதைக் கேட்டுவிட்டு, "வெறும் கஞ்சித்தண்ணிய ஊத்தினா, ஆளைக் கொல்லப் பாக்குறாங்கன்னுதான் எங்க ஆளுக நெனைப்பாங்க. நானாயிருந்தா கருவாடே கொண்டுபோயிருப்பேன்" என்றாள். நீ அவனைத் திட்டவில்லை. புண்ணாகிப்போன குடலில் ரொட்டி போனால் என்ன ஆகும் என்று, கிழிந்த கம்பளியையே காட்டி விளங்கவைத்தாய். அவனும் பொண்டாட்டி எழுந்து உட்காரும் வரைக்கும் ரொட்டியைத் தானே தின்றுகொண்டு காவல் இருந்தான். அந்த வார்டில் அவர்கள் பாஷை தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்பதை நான் ஐந்தாறு தடவை வாசித்தேன். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அதுவரை படித்தது இதை வாசிக்கத்தான் போலிருக்கிறது.

இனி காரியத்துக்கு வருகிறேன். நிதானமாக வாசி.

கண்டியில் ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்திலிருந்து உன்னைப் பெண் கேட்கிறார்கள். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். உன் அப்பன் இல்லாத இடத்தில் நின்று சித்தப்பா செய்கிற முயற்சி. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். நீ கார்த்திகைப் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டுவிட வேண்டுமாம். பாதியில் விட்டால், கொழும்பில் போர்டிங்கில் படித்தாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாமாம். தேறி சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டால் நர்ஸ் என்பதை எதைக்கொண்டும் மூட முடியாதாம். பையனைப் பெற்றவள் என்னிடமே வந்து, "கண்ட ஆம்பளையையும் தொட்டுத் துடைச்ச கைன்னு நாளைக்கு நாலு பேரு பேசுவாங்கள்ல?" என்றாள். "உங்க வீட்டுக்காரர் வயித்துப்போக்குல கெடந்தப்ப தொட்டுத் துடைச்சது யாருங்க?" என்று கேட்டேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டாள்.

எழுதினால் நீ வரமாட்டாய் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அதனால் தந்தி கொடுக்கப்போகிறான். 'அப்பாயிக்குக் கடுமை, உடனே புறப்படு' என்று. தீபாவளி கழிந்ததும் வரும். என்னிடம் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே, "நீங்க ரெண்டு நாள் படுத்துக்கிட்டா போதும்மா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான். "படுக்கிறதுக்கு நீ எனக்குச் சொல்லித்தரணுமாடா?" என்று கேட்டேன். சித்தி மோரை ஊற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

இது நம் தெருவில் புதிது இல்லை. அக்கரையில் இருக்கிற பிள்ளையைக் கல்யாணத்துக்குக் கூப்பிட எல்லாரும் இந்தத் தந்தியைத்தான் கொடுக்கிறார்கள். எதிர்க்கடை ஜௌபர் தம்பியிடம் சொன்னேன். "எங்க உம்மா மூணு தந்தியில மூணு தடவ மவுத்தாகப் பாத்தாங்க ஆச்சி. மூணு கல்யாணத்துலயும் நெய்ச்சோறு அவங்கதான் ரெண்டாந்தரம் கேட்டாங்க" என்று சிரிக்கிறார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதும் அவர்தான். நம் கடைப் பையில் போட்டால் சித்தப்பா மேசையைத் தாண்டாது.

ஆகவே தந்தி வந்தால் நீ புறப்படக் கூடாது. பரீட்சைக்கு முன் போனவர்கள் மறுபடி ஒரு வருடம் இருக்க வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வருடத்துக்கு உன்னை இங்கிருந்து யாரும் திரும்ப அனுப்ப மாட்டார்கள். நான் ஒருத்தி சொன்னால் எடுபடாது. தந்தியை மேட்ரனம்மாவிடம் காட்டு, மடித்துப் பெட்டியில் வை, வார்டுக்குப் போ.

பொய்த் தந்திக்கும் மெய்த் தந்திக்கும் வித்தியாசம் தெரிய, நமக்குள் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் யோசித்தேன். மெய்யானால் ஜௌபர் தம்பி பெயரில் வரட்டும் என்று. அவரும் சரி என்றார். அப்புறம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடையாளம் இருந்தால் நீ கிளம்பிவிடுவாய், கண்ணு. எந்தப் பெயரில் வந்தாலும் பொய் என்றே வைத்துக்கொள். பரீட்சை எழுதிய மறுநாள் வா. வீட்டில் எப்படி இருந்தாலும் மறுநாள் வா.

போன கடிதத்தில், கால் வீங்குகிறதா, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருந்தாய். நர்ஸம்மா கேட்கிற மாதிரியே இருந்தது, பெருமையாக இருந்தது. அதற்கெல்லாம் கார்த்திகைக்குப் பிறகு பதில் சொல்கிறேன். அப்போதிக்கரி ஐயா ஒரு போத்தல் மருந்து கொடுத்திருக்கிறார், கசக்கிறது, குடிக்கிறேன். நீ குடல் காய்ச்சல் பாடத்தையும் பிள்ளைப்பேற்றுப் பாடத்தையும் படி. என் காலைப் படிக்காதே.

கண்டிக்காரர்கள் காத்திருந்தால் காத்திருக்கட்டும். உனக்கு மனதுக்குப் பிடித்தால் பிறகு பார்த்துக்கொள். போனால் போகட்டும்.

நீ தொடுகிற உடம்பெல்லாம் குணமாகட்டும். உன் கை நடுங்காமல் இருக்கட்டும். நம் ரொக்கில் கோயில் முருகன் உன் பக்கத்தில் நிற்கட்டும். இங்கே ஒருத்தி உனக்காக உட்கார்ந்துகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு மட்டும் பரீட்சை மண்டபத்துக்குள் வர வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வெள்ளை உடுப்போடு, தலையில் தொப்பி வைத்து ஒரு படம் பிடித்து அனுப்பு. தேறிய பிறகு பெல்ட் எல்லாம் போட்டு எடுக்கிறேன் என்று தள்ளிப்போடாதே. பெல்ட் இல்லாவிட்டால் பரவாயில்லை. இந்த வாரமே எடுத்து, காய்ந்ததும் தபாலில் போடு.

உன் அப்பாயி
மீனாம்பாள்