அண்ணை, எனக்கு ஏலும்

அன்பான அன்ரன் அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். கடிதம் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதிய வரியல்ல இது. ஏப்ரலில் டொக்டரிடம் போய், இருதயத்தைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு இருதய வருத்தம் என்று யார் சொன்னது என்று அந்த டொக்டரம்மா கேட்டார். என் அண்ணை என்றேன். அவரும் டொக்டரா என்றார். இல்லை, கார்த் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு பொருத்தினவர் என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு செய்தி. ஆகஸ்டில் நான் தனியாகக் கனூப் படகில் போய் வந்தேன். வட ஜேர்மனியில் மெக்லென்பூர்க் பக்கம், ஏரியும் ஆறும் காடும் மாறி மாறி வருகிற இடம். ஒற்றைத் துடுப்பும் ஒரு சின்னக் கூடாரமும் பாணும் சம்பலுமாக மூன்று நாள். கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இதை வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்குத் தெரியாது, ஆகவே கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன்.

எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது உங்களுக்கு இருபது வயது, எனக்குப் பதினொன்று. அம்மாவும் ஐயாவும் மன்னாரிலேயே நின்றுவிட்டார்கள். மேற்கு பெர்லினில் அகதிப் பதிவு அலுவலக வரிசையில் நிற்கும்போது, உங்களை ஆண்கள் விடுதிக்கும் என்னைப் பிள்ளைகள் இல்லத்துக்கும் வேறு வேறு ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நீங்கள் குனிந்து என் காதுக்குள் சொன்னீர்கள்: "உனக்கு நெஞ்சு ஏலாது எண்டு சொல்லப்போறன். நான் சொல்லுமட்டும் ஏலாதமாதிரியே இரு."

எங்கள் பேச்சில் முடியாது என்றாலும் ஏலாது, சுகமில்லை என்றாலும் ஏலாது; சொல்லுமட்டும் என்றால் சொல்லும்வரை. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கில் சாய்ந்தேன். நன்றாகத்தான் நடித்திருக்கிறேன் போல, எங்களைப் பிரிக்கவில்லை. அந்தப் பொய்க்காக உங்களை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் நான் எங்கே வளர்ந்திருப்பேனோ, எந்தப் பாஷையில் அழுதிருப்பேனோ. அதற்குப் பிறகு வந்த நாற்பது வருடத்துக்குத்தான் எனக்குப் பதில் வேண்டும்.

கொலோனுக்கு வந்த பிறகும் நான் ஏலாதவளாகவே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் நீச்சல் பாடத்துக்கு நீங்கள் கடிதம் கொடுத்துவிட்டீர்கள். பத்தாம் வகுப்பில் எல்லோரும் மூன்று நாள் கனூப் பயணம் போனார்கள், அதற்கும் ஒரு கடிதம். அந்த மூன்று நாளும் என்னை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு விட்டார்கள், கடைசி வாங்கில் இருந்து ஆறுகளின் படம் கீறினேன். பிறகு தாதிப் பயிற்சிக்கு இடம் கேட்டு விண்ணப்பம் நிரப்பி மேசையில் வைத்தேன். இரவு வேலை உனக்கு ஏலாது என்று ஒரு வரியில் முடித்தீர்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அரைநாள் வேலை, பின்னேரத்தில் உங்களுக்கும் லில்லி மச்சாளுக்கும் பிறந்த பிள்ளைகள் இரண்டுபேரையும் பார்ப்பது, இதுதான் என் சீவியம் என்றானது.

வேடிக்கை என்னவென்றால், சில வருடத்தில் எனக்கு உண்மையாகவே படியேறினால் மூச்சு வாங்கியது. பொய் என்று தெரிந்த எனக்கே. கோயிலில் பெண்கள் எனக்காகச் செபமாலை சொன்னார்கள். நானும் முழங்காலில் நின்று அவர்களோடு சேர்ந்து எனக்காகவே வேண்டினேன். இதைவிட முட்டாள்தனம் வேறு இருக்கிறதா?

பிறகு நீங்கள்தான் நோயில் படுத்தீர்கள். எட்டு மாதம். மச்சாளுக்கு இடுப்பு நோ, ஆகவே உங்களைக் கட்டிலில் இருந்து தூக்கியதும் குளிப்பாட்டியதும் படியால் இறக்கியதும் நான். பார்க்க வந்தவர்கள் உங்கள் தலைமாட்டில் இருந்துகொண்டு என்னிடம், உமக்கு இப்ப சுகம் எப்பிடி என்று விசாரித்தார்கள். அப்போதாவது வாய் திறப்பீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். "சமாளிக்கிறாள்" என்றீர்கள். நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் வெளியிட்ட நினைவு மலரில், நோயுற்ற தங்கையைத் தோளில் சுமந்த உத்தமன் என்று அச்சடித்திருந்தார்கள். தோள் யாருடையது அண்ணை?

எல்லாவற்றையும் விழுங்கியிருப்பேன், ஒன்றைத் தவிர. உங்கள் செத்தவீட்டில் டுசல்டோர்ஃபில் இருந்து வந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்து, இப்ப பரவாயில்லையோ என்று கேட்டார். அவருடைய தம்பி பாட்டுக்குழுவில் மூன்று வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று பாடியவர். ஒருநாள் திடீரென்று வருவதை நிறுத்தினார். நான் ஏதோ பிழையாகக் கதைத்துவிட்டேன் என்று எத்தனை மாதம் மண்டையைப் போட்டுக் குடைந்தேன் தெரியுமா? அந்த அக்கா சொல்லித்தான் தெரியும், தம்பி என்னைப் பெண் கேட்டு உங்களிடம் ஆள் அனுப்பியிருக்கிறார். "அவளுக்கு ஏலாது" என்று நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். வருத்தக்காரியைக் கரைச்சல் படுத்தக் கூடாது என்று அவர்கள் மரியாதையாக விலகிவிட்டார்கள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை, அவர்களும் சரி, நீங்களும் சரி.

அன்றிலிருந்து எனக்கு ஒரேயொரு கேள்விதான். நீங்கள் மறந்துபோய்ச் செய்தீர்களா, தெரிந்தே செய்தீர்களா? ஒரு பொய்யைச் சொல்லிச் சொல்லி அதுவே உண்மை என்று நம்பியிருந்தால் அது வேறு. தெரிந்திருந்தால் அது வேறு.

சமையலறையில் என்னோடு வேலை செய்கிற சபீனா, நீ முதலில் நீந்தப் பழகு, யோசனையைப் பிறகு பார்க்கலாம் என்றாள். ஐம்பது வயதில் நீச்சல்குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை அடித்தேன். அவளுடைய படகுக் கழகத்தில் ஒரு கோடை முழுக்கத் துடுப்புப் பிடித்தேன். ஒற்றைத் துடுப்பால் ஒரே பக்கம் வலித்தால் படகு மற்றப் பக்கம் திரும்பும். வலித்து முடிகிற இடத்தில் துடுப்பைக் கொஞ்சம் வெளியே தள்ள வேண்டும், அப்போதுதான் நேரே போகும். அந்தச் சின்னத் தள்ளல் கைக்கு வர எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. தானும் வருகிறேன் என்றாள் சபீனா. வேண்டாம், இதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்றேன்.

படகு வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் ஒரு படிவம். நீந்தத் தெரியுமா, ஏதாவது நோய் இருக்கிறதா என்று கேட்டிருந்தது. அந்த இரண்டாவது பெட்டியை இவ்வளவு காலமும் நீங்கள்தான் நிரப்பினீர்கள். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்துக்கு, எழுத வாசிக்கத் தெரியாதவள் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். இல்லை என்று எழுதினேன். எழுத்து கோணல்தான்.

முதல்நாள் சும்மா சொல்லக் கூடாது, பயந்தேன். கரையில் இருந்து பத்து நிமிடத்தில் மனிதச் சத்தம் இல்லை, தொலைபேசியும் செத்துவிட்டது. நாணலும் ஆம்பல் இலையும் தண்ணீருந்தான். இரண்டாம்நாள் பெரிய ஏரியில் காற்று எழும்பியது. பின்னால் நான் ஒருத்தி இருப்பதால் முன்பக்கம் லேசாகி, படகு காற்றுக்குச் சுற்றத் தொடங்கியது. முழங்காலில் நின்றபடி முன்னுக்கு நகர்ந்து, தண்ணீர்க் கலனையும் பையையும் முனைக்குத் தள்ளி, கரையோர நாணலுக்குள் கொண்டுபோய்ச் செருகினேன். செருகிய பிறகுதான் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது, நல்ல ஒழுங்காக.

காற்று அடங்கும்வரை அங்கேதான் இருந்தேன். நான் சொல்லுமட்டும் என்றீர்களே, இன்னும் சொல்லவில்லையே என்று ஏரியைப் பார்த்துக் கத்தினேன். ஒரு கொக்கு எழும்பிப் போனது.

மூன்றாம்நாள் ஒரு பழைய அணை. படகைத் தண்ணீரில் இருந்து எடுத்து, சின்னத் தள்ளுவண்டியில் ஏற்றி, மறுபக்கம் இறக்க வேண்டும். உதவிக்கு ஒருவரும் இல்லை. இழுத்தேன். உங்களைவிடப் பாரம் குறைவு. மறுபக்கம் இறக்கியபிறகு புல்லில் இருந்து கடைசிப் பாணைத் தின்றேன், கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நடித்த எனக்கே மூச்சு வாங்கியதென்றால், சொன்ன உங்களுக்கு மறந்திருக்காதா? பாவம், மறந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். உங்களை மன்னித்துவிட்ட மனதோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லில்லி மச்சாளிடம் போனேன். உங்கள் மனைவியாயிற்றே, அவருக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். பயணத்தைச் சொல்லி, அண்ணை மறந்துபோனார், அவரில் எனக்குக் கோபமில்லை என்றேன். மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"அவர் மறக்கேல்லை, ஜெசி. ஆஸ்பத்திரியிலை என்னட்டைச் சொன்னவர். அவளுக்கு ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும், சொன்னால் அவளும் போயிடுவாள், பிறகு ஊரிலையிருந்து என்னோடை வந்த ஆள் ஆர் மிச்சம் எண்டு கேட்டவர்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் தெரியும். பிள்ளையளைப் பாக்க நீர் இருந்தனீர். நானும் பேசாமல் இருந்திட்டன்" என்றார்.

அவர் அழுதார். நான் அழவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

அண்ணை, எங்கே போயிருப்பேன்? டுசல்டோர்ஃபுக்கா? கொலோனில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலம். ஒவ்வொரு ஞாயிறும் வந்திருப்பேன். என் பிள்ளைகள் உங்கள் முதுகில் ஏறியிருப்பார்கள். நீங்கள் படுத்த அன்றைக்கு முதல் ரயிலில் வந்து, இதே கையால் உங்களைத் தூக்கியிருப்பேன். அரை மணித்தியாலத் தூரத்துக்குப் பயந்தா என்னை நாற்பது வருடம் கட்டிவைத்தீர்கள்?

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை நினைத்திருந்தேன், அந்த அணைக்கட்டில் இருந்தபோது. இப்போது வரவில்லை. வராததை வந்தது என்று எழுதினால் நானும் உங்களைப்போல ஆகிவிடுவேன். உங்கள் ஆண்டுப் பூசைக்கு வருவேன், கல்லறையில் புல் பிடுங்குவேன், பூ வைப்பேன். யாராவது உங்களைப் புகழ்ந்தால் தலையாட்ட மாட்டேன். என்றைக்காவது மனது இறங்கினால் அதை மச்சாளிடமோ சுவாமியாரிடமோ சொல்ல மாட்டேன். நேரே உங்களிடம் வந்து, முதல் ஆளாக உங்களுக்குச் சொல்வேன். அதற்குமட்டும் வாக்குத் தருகிறேன்.

எங்கேயும் போயிருக்க மாட்டாத
உங்கள் தங்கச்சி,
ஜெசிந்தா